யார் திட்டினால் கேட்பீர்கள்?

செயலியைத் திறக்காத இருபத்திரண்டு பேரும் ஆண்கள். கலேசீட்டாவுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆஸ்பத்திரி வேலை போக மிச்ச நேரத்தையெல்லாம் கொட்டி, இரண்டு வருஷம் உட்கார்ந்து உருவாக்கியது. சர்க்கரை நோய் வருமுன்னே, அவரவர் உடம்புக்குத் தக்கபடி எச்சரிக்கிற செயலி. நம் டோங்கா தீவுப் பேச்சிலேயே பேசட்டும் என்று தன் குரலைப் பதிந்திருந்தாள். பெண்கள் தினமும் திறந்தார்கள். இந்த ஆண் ஜென்மங்கள் முதல் வாரத்தோடு சரி.

அவர்களில் ஒருவன் அவள் தம்பி மாக்கா. அவனுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. இதே வியாதியில் முதலில் காலும் பிறகு உயிரும் போன அப்பாவின் உடம்புவாகு அவனுக்கு. இவனையும் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம் அவளை அரித்தது. ஆனால் நேரே கேட்க வழியில்லை. அந்தத் தீவு வழக்கத்தில் அக்காவும் தம்பியும் உடம்பு சங்கதி பேசுவது பெரிய அபசாரம். அவன் மனைவி லவீனியாவைத் தேடிப் போனாள்.

மரவள்ளி உரித்துக்கொண்டிருந்த லவீனியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணி, நீங்க நிஜமாவே படிச்சவங்கதானா? ஆம்பளைங்க கூடிக் கவாக் கஷாயம் குடிக்கிற இடத்துல, நாலு பேரு நடுவுல, போன் கத்துது: 'தொப்பை எத்தனை அங்குலம்? ராத்திரி எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனே?' யாரு குரல்ல? அக்கா குரல்ல! மனுஷன் பதறிப்போயி போனைக் கவாச் சட்டிக்குள்ள போட்டுட்டாரு."

"ஐயையோ! மத்த ஆம்பளைங்களுக்கு என்ன கேடு?"

"அவங்க மட்டும் யாரு? சித்தப்பா மவன், பெரியம்மா மவன். ஊர்ல பாதிப் பேரு உங்களுக்குத் தம்பிங்கதானே!"

கலேசீட்டா தலையில் அடித்துக்கொண்டாள். எட்டு வருஷம் ஆக்லாந்தில் படித்தால், செயலியில் கேட்பதும் அக்கா குரல்தான் என்பதுகூடவா உறைக்காமல் போகும்?

மறுநாளே செயலியின் முதல் கேள்வியை மாற்றினாள்: 'யார் திட்டினால் கேட்பீர்கள்?' அந்த ஆளே குரல் பதியலாம். லவீனியா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்: "யோவ், மறுபடியும் மாட்டுக்கறி டின்னைத் திறந்தியா? எந்திரிச்சு நட!"

திட்டு வேலை செய்தது. ஆண்களும் ஒவ்வொருவராகத் திறக்கத் தொடங்கினார்கள்.

மூன்று மாதம் கழித்து மாக்கா மனைவியோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். உடம்பு இளைத்து இடுப்புத் துணி தளர்ந்திருந்தது. அக்கா பக்கம் திரும்பாமல் மனைவியிடம் சொன்னான்:

"சர்க்கரை இறங்கிடுச்சாம். இனி பயமில்லன்னு டாக்டர் சொன்னாரு. அக்காகிட்ட சொல்லிடு."

"அண்ணி, சர்க்கரை இறங்கிடுச்சாம்," என்று ஒப்பித்தாள் லவீனியா.

மூன்றடி தள்ளி நின்ற கலேசீட்டா, "எனக்குக் கேட்டுச்சுன்னு சொல்லு," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை முந்திக்கொண்டது.