எண்பத்தாறாம் ஆண்டை முடித்துவைத்தவர்

1987ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் சுவிஸில் ஷ்லீரன் என்ற ஊரில் தமிழர் குடியிருந்த வீடுகளின் பல்கனிகளில் மட்டும் பனி உருகாமல் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரர்கள் அரைக் காற்சட்டையோடு வெயில் காய்ந்தபோது, தமிழர்கள் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சன்னலைச் சாத்தியிருந்தார்கள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்வார்ட், பனி கீழ்வீட்டாரின் பூச்சாடிகளில் விழாமல் கவனிக்கும்படி ஒவ்வொரு கதவிலும் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார். அவர் காரணம் கேட்கவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தமிழர்களுக்கு எண்பத்தாறாம் ஆண்டு இன்னும் முடியவில்லை.

முடியாமல் போனதற்கு அவர்களுடைய தமிழ்ச் சங்கத்தின் யாப்பு என்ற சட்டவிதிதான் காரணம். அதை எழுதிய சிவநேசன் ஊரில் குடியியல் படிப்பித்தவர், இங்கே தொழிற்சாலையில் தரை கழுவுபவர். "புதிய தலைவர் தெரிவாகும்வரை நடப்பு வருஷம் முடிவுறாது" என்று அவர் வாசித்தபோது எல்லாரும் கையை உயர்த்தினார்கள். நம்மவர்கள் யாப்பைக் கேட்டுக் கை உயர்த்துவதில்லை, தேத்தண்ணி ஆறிவிடுமே என்று உயர்த்துவார்கள். மார்கழிக் கூட்டத்தில் ஸ்ரீஸ்கந்தராஜாவும் குலேந்திரனும் தலைவர் பதவிக்கு நின்றார்கள். வாக்கெடுப்பு வைத்தால் கதிரைகள் பறக்கும் போலிருந்தது. சிவநேசன்தான் எழும்பி வழி சொன்னார்.

"அமெரிக்காவிலை சனம் நேரே சனாதிபதியைத் தெரியிறேல்லை. சாதாரண ஆக்களைத் தெரிஞ்சு விடுகினம், அவை போய் வாக்குப் போடுகினம். அரசாங்கப் பதவி வைச்சிருக்கிற ஒருத்தரும் அதுக்கு நிக்கேலாது. நாங்களும் அப்பிடியே செய்வம்."

பதவி இல்லாத ஏழு பேர் கூடித் தலைவரைத் தெரிவுசெய்வதென்று முடிவாயிற்று. தேடிப் பார்த்தால் பதவி இல்லாத தமிழர் அகப்படவில்லை. ஒருவர் பழைய மாணவர் சங்கத்துப் பொருளாளர், ஒருவர் கோயில் குழுவின் உபசெயலாளர், கால் ஊனமான ஒருவர்கூட உதைபந்தாட்டக் கழகத்தின் போஷகர். மிஞ்சியவர் தம்பித்துரை மட்டும். பதவிகள் பங்கிடப்படும் நேரமெல்லாம் அவர் மண்டபத்துச் சமையலறையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார். அவரை வேண்டாமென்று ஒருவரும் சொன்னதில்லை. அவர் ஒருவருடைய நினைவுக்கும் வந்ததில்லை, அவ்வளவுதான். ஆக ஏழு பேருடைய வேலையும் அவர் ஒருவர் தலையில் விழுந்தது.

மூன்றாம் மாடியில் ஒற்றை அறையில் இருந்த தம்பித்துரையிடம், வந்த புதிதில் வாங்கிய சீட்டுக்கட்டு ஒன்று உறை பிரிக்காமல் கிடந்தது. முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். கூட்டத்துக்கு மறுநாள் அவருடைய அழைப்புமணி அடித்தது. அதற்கு எப்படிச் சத்தம் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்ரீஸ்கந்தராஜா ஆட்டிறைச்சிக் கறியோடு வந்தார். குலேந்திரன் இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தார். முதலில் எழும்பிப் போகிறவர் வாக்கை இழந்துவிடுவார் என்ற பயத்தில் இருவரும் எழும்பாமல் இருந்தார்கள். ஸ்ரீஸ்கந்தராஜாவின் மைத்துனரும் சேர்ந்துகொள்ள நாலு பேர் ஆயிற்று, உறை பிரிந்தது. அதன்பின் ஒவ்வொரு பின்னேரமும் அந்த அறையில் சீட்டு நடந்தது. "என்ன தம்பித்துரையண்ணை, ஆருக்கெண்டு யோசிச்சீங்களோ?" என்று கேட்பார்கள். "யோசிக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே அவர் சீட்டைக் கலைப்பார். பிறந்ததிலிருந்து அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. மாதங்கள் சுவிஸ்காரர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. சம்பளம் சுவிஸ்காரர்களின் நாட்காட்டிப்படி ஒழுங்காக வந்ததால் தமிழர்கள் பனியைப் பொறுத்துக்கொண்டார்கள்.

பொறுக்க முடியாதவள் இரண்டாம் மாடி பெர்னடெற் மட்டுந்தான். மன்னார்ப் பெண், அவளுடைய பிள்ளை எண்பத்தேழு தை மாதம் பிறக்கவேண்டியது. அவளுக்குத் தை வரவில்லை. மருத்துவச்சி வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இதயம் நன்றாக அடிக்கிறது, தை வரட்டும் என்று ஒவ்வொரு முறையும் அனுப்பிவைத்தாள். புரட்டாதி மாதத்தில் ஒரு காலை பெர்னடெற் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்தாள்.

"இருங்கோ பிள்ளை, தேத்தண்ணி போடட்டோ?"

"வேண்டாம் அண்ணை, இருந்தா எழும்பேலாது. நான் வாக்குக் கேட்டு வரேல்லை. ஆருக்கெண்டாலும் போடுங்கோ. போட்டு முடிச்சாச் சரி."

தம்பித்துரை மேசையில் கிடந்த சீட்டுகளை அடுக்கினார். "போட்டாப் பிறகு இஞ்சை ஒருத்தரும் வராயினம், பிள்ளை."

"ஓம் அண்ணை. வராயினம்." அவள் பொய் சொல்லத் தெரியாதவள். வயிற்றைத் தடவினாள். "இதுவும் உள்ளுக்கை தனியத்தானே இருக்குது."

அவள் இறங்கிப் போனபின் தம்பித்துரை ஒரு கடுதாசித் துண்டில் குலேந்திரனின் பெயரை எழுதினார். சீட்டில் தோற்றாலும் சிரிப்பவர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. கடைசி எழுத்தின் மேல் குற்றுப் புள்ளி வைத்ததும் கட்டடத்தின் பல்கனிகளிலிருந்து பனி சரிந்து விழுந்தது. அவர் பேனையை மூட முதல் கீழ்மாடியில் பிள்ளை அழுதது. பெண் பிள்ளை, தோள்வரை தலைமுடி, முன்வாயில் நாலு பல். அன்றைக்கே தமிழர்களுக்கு எண்பத்தேழு வந்து புரட்டாதியும் ஆயிற்று. எல்லாரும் கம்பளிச் சட்டைகளைக் கழற்றினார்கள்.

அதன்பின் தோற்றவர் கோபத்தில் சீட்டாட வரவில்லை. வென்றவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் சிவநேசன், இனி வரும் தேர்தல்களுக்கும் பதவி இல்லாத ஒருவர் கட்டாயம் தேவை என்பதால் தம்பித்துரைக்கு எக்காலத்திலும் எந்தப் பதவியும் கொடுக்கலாகாது என்று பிரேரித்தார். ஏகமனதாக நிறைவேறியது. தம்பித்துரை அப்போது சமையலறையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார். யாப்பையும் திருத்தினார்கள், தலைவர் தெரிவானாலும் தெரிவாகாவிட்டாலும் வருஷம் தன்பாட்டில் முடியும், அவருடைய வாக்குக்காக ஒருவரும் காத்திருக்கத் தேவையில்லை. அதனால் அடுத்த தேர்தலில் அவருடைய கதவை ஒருவரும் தட்டவில்லை.

தம்பித்துரையின் மூன்றாம் மாடிப் பல்கனியில் மட்டும் பனி அன்றைக்கும் சரியாமல் அப்படியே கிடந்தது. எண்பத்தெட்டு வெயிலிலும் கிடந்தது, எண்பத்தொன்பதிலும் கிடந்தது. ஹவுஸ்வார்ட் அறிவித்தல் ஒட்டுவதை நிறுத்திவிட்டார். தம்பித்துரை பால் போத்தலை அந்தப் பனிக்குள் புதைத்துவைத்து எடுத்துக்கொள்வார். பின்னேரமானால் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மேசையில் நாலு பேருக்கும் சீட்டுப் போட்டுவிட்டு, தன் பங்கை எடுக்காமல் அழைப்புமணியைக் கேட்டுக்கொண்டிருப்பார்.