கொண்டச்சி அஸீஸா

கீழ்த்திசைத் தென்னந்தோப்புகளுக்கு மேலே கதிரவன் எழுந்து, கற்பிட்டி நிலநாக்குக்கும் பெருநிலத்துக்கும் இடையே கண்வளரும் புத்தளத்துக் களப்பின்மீது தன் முதல் ஒளியை மெல்ல விரித்துக்கொண்டிருந்தான். வடக்கே வில்பத்துக் காடு பனிப்போர்வைக்குள் கருங்கோடாய்க் கிடக்க, உப்பளப் பாத்திகள் வானத்தைத் துண்டு துண்டாய் வாங்கி மின்ன, தில்லையடித் தெருக்களிலே பாண் என்னும் ரொட்டி விற்போனின் முச்சில்லு வண்டி இசையெழுப்பிச் சென்றது. போர் ஓய்ந்து சில ஆண்டுகள் கழிந்திருந்த அந்தக் காலையில், பள்ளிவாசலின் ஒலிபெருக்கி ஓர் இறப்புச் செய்தியை ஊருக்கு உரைத்தது.

“அகதி முகாமைச் சேர்ந்த, மர்ஹூம் செய்னுலாப்தீன் அவர்களின் மனைவியும், நௌஃபர் அவர்களின் தாயாருமானவர் வபாத்தாகிவிட்டார். ஜனாஸாத் தொழுகை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நடைபெறும்.”

நற்றமிழ் நுகரும் நெஞ்சத்தீர், அச்செய்தியில் பொய்யேதும் இல்லை. எனினும், தாயின் விழிகளைத் தன் கையால் மூடிவிட்டு, வெண்துணி போர்த்திய உடலின் அருகே அமர்ந்திருந்த மகள் நஃபீஸாவுக்கு அது நெருப்பாய்ச் சுட்டது. எண்பதாண்டு வாழ்ந்தவளுக்கு அதில் பெயரில்லை, பிறந்த ஊரில்லை, பெற்ற மகளும் இல்லை. இருந்ததெல்லாம் ‘அகதி’ என்னும் ஒரு சொல்லே. அச்சொல்லோடு அவள் தாய் வாழ்நாளின் கடைசிக் கால் நூற்றாண்டும் போராடியிருந்தாள்.

மன்னார்க் கரையிலே, முத்துக்குப் பேர்பெற்ற கடலை நோக்கிய கொண்டச்சியில் பிறந்தவள் அஸீஸா. கணவன் செய்னுலாப்தீன் கடலுக்குச் சென்று மீளாதொழிந்தபின், கருவாடு உலர்த்தியும் ஆடு வளர்த்தும் இரு மக்களையும் ஆளாக்கிவந்தாள். படைக்கலம் ஏந்தினோர் வந்து, ‘ஊரை விட்டுப் போங்கள்’ என்று முசுலிம் மக்களை விரட்டிய தொண்ணூறாம் ஆண்டின் ஐப்பசியிலே, பதின்பருவத்து மகளையும் மகனையும் இரு கைகளிலும் பற்றியவளாய், யானைகள் உலவும் வில்பத்துக் காட்டைக் கால்நடையாய்க் கடந்து, எலுவன்குளத்து வயல்வரப்பில் வந்து விழுந்தாள். விழுந்தவள் எழுந்தாள், எழுந்தபின் எவர் முன்னும் குனிந்தாளில்லை.

தில்லையடியில் எழுந்த அகதி முகாமின் தொடக்க நாள்களில் ஒருநாள், உதவி கொணர்ந்த பாரவண்டியின் மேலிருந்து சிலர் அரிசிப் பொதிகளைக் கூட்டத்தினுள் வீசினர். பசித்த மக்கள் முட்டி மோதி ஓட, அஸீஸா இரு கைகளையும் விரித்துப் பெண்களை மறித்து நின்றாள்.

“கோழிக்கு எறியிற மாதிரி எறியாதீங்க. எறங்கி வந்து கையில தாங்க. இல்லாட்டி திருப்பிக் கொண்டு போங்க,” என்றாள்.

அன்று அவள் வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்கவில்லை. கீழே விழுந்த பொதியை எடுக்க ஒரு பெண்ணும் குனியாமையைக் கண்டு, வண்டியிலிருந்தோர் நாணி இறங்கிவந்து, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துச் சென்றனர். அதன்பின் அவள் உப்பளத்தில் கூலிக்கு நின்றாள். உவர்நீர் தின்று வெடித்த பாதங்களோடு மாலைதோறும் திரும்பிவந்து, மகனை ஒரு கடைக்கு உரியவனாக்கினாள். ‘பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு’ என்றோர் வாயடைக்க, மகளை ஆசிரியையாக்கினாள்.

போர் முடிந்ததும், தன் எழுபது கடந்த அகவையில், கத்தியொன்றை எடுத்துக்கொண்டு கொண்டச்சிக்குப் போனாள். வீடிருந்த இடத்தில் மரங்கள் ஓங்கி நின்றன. புதரை வெட்டி வெட்டிப் பழங்கிணற்றைக் கண்டெடுத்தவளிடம், இது காட்டுக்குரிய நிலம், வெளியேறுக என்று அலுவலர் ஒருவர் கடிந்துரைத்தார்.

“நாங்க காட்டுக்குள்ள வரல்ல மகன். காடுதான் எங்கட ஊட்டுக்குள்ள வந்திருக்கு,” என்று சொல்லிவிட்டு, அவள் மீண்டும் வெட்டத் தொடங்கினாள். பலமுறை விரட்டியும் போகாமல், இறுதியில் அங்கேயே ஓலைக்குடில் அமைத்தாள். நஃபீஸாவின் மகளான பேத்தி ஃபஹ்மியாவை அக்கிணற்றடிக்கு அழைத்துச்சென்று தன் கையால் நீர் இறைத்து அவளைக் குளிப்பாட்டிய நாளிலே, அம்மூதாட்டி சிறுமியைப்போல் சிரித்தாள். நோய் முற்றியபோதுதான் மகளின் தில்லையடி இல்லத்துக்கு வரச் சம்மதித்தாள்.

இத்தகையவளின் மகள் வாளாவிருப்பாளோ? நஃபீஸா முக்காட்டை இறுக்கிக்கொண்டு எழுந்தாள். வாயிலில் தமையன் நௌஃபர் மறித்தான். ஊரோடு ஒத்துப்போய்க் கடை நடத்துபவன், பூசல் அஞ்சுபவன்.

“விடு தங்கச்சி. மௌத்து ஊட்டில சண்டை வேணாம்.”

“சண்டை இல்ல நானா. உம்மாட பேரச் சொல்லச் சொல்லப் போறன்.”

பள்ளிவாசலின் வெளிவாயிலிலே ஆடவர் பலர் திரண்டிருக்க, அவள் அறிவிப்புச் செய்த முதியவர் அத்தாஉல்லாவின் எதிரே நின்றாள்.

“மாமா, இன்னொருக்கா அறிவியுங்க. உம்மாட பேரோட, ஊரோட சொல்லுங்க.”

“ஊருக்கெல்லாம் விளங்கிட்டுதானே மகள்? முகாம் ஆக்கள எப்பவும் அப்படித்தானே சொல்றது.”

“நான் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இத்தன வருசமாப் படிப்பிக்கிறன். நானும் அகதியா? உம்மா மௌத்தாகியும் அகதியா? கபுருக்குள்ளயும் அந்தப் பேரோடயா போகணும்?”

கொடியவரல்லர் அத்தாஉல்லா, அன்று காட்டைக் கடந்து வந்தோர்க்குத் தம் தோப்பில் இடம் தந்தவர். தாம் தந்த இடத்தைவிடத் தாம் இட்ட பெயர் நெடுங்காலம் நின்றுவிட்டதை அந்நொடிதான் உணர்ந்தார்போலும். அப்போது கூட்டத்தை விலக்கி வந்த நௌஃபர், தங்கையின் பக்கத்தில் நின்றான்.

“சரியாச் சொல்லுங்க மாமா. இல்லாட்டி மைக்கத் தாங்க, நான் சொல்றன். அவ என்ட உம்மா மட்டுமில்ல, இவடயும் உம்மா.”

முதியவர் உள்ளே சென்றார். சிறிது நேரத்தில் ஒலிபெருக்கி மீண்டும் பேசிற்று.

“கொண்டச்சியில் பிறந்து, தில்லையடியில் வாழ்ந்த அஸீஸா அவர்கள் வபாத்தாகிவிட்டார். அன்னார் நஃபீஸா ஆசிரியை, நௌஃபர் ஆகியோரின் அன்புத் தாயாரும், ஃபஹ்மியாவின் வாப்பும்மாவுமாவார்.”

“உம்மும்மா,” என்று நஃபீஸா வாயிலில் நின்றே திருத்தினாள். வாப்பும்மா என்பவள் தந்தையின் தாய், மகள்வயிற்றுப் பேத்திக்கு அஸீஸா தாயின் தாயல்லளோ? உள்ளிருந்து அத்தாஉல்லா, அதையும் திருத்தி, மூன்றாம் முறையாக முழுவதையும் உரைத்தார்.

மாலையில் உடலைச் சுமந்த சந்தூக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது, அதன்பின் செல்லும் வழக்கமில்லாத பெண்கள் தத்தம் வாயில்களுக்கு வந்து நின்றனர். உப்பளத்தில் உடன் உழைத்தோரும் முகாமில் உடன் பசித்தோரும் அவருள் இருந்தனர். எவரும் அரற்றவில்லை, நிமிர்ந்து நின்றே வழியனுப்பினர். பகைவர் ஒருவரின் மண்ணைப் பறிக்கலாம். பரிவுடையோரும் அறியாமலே ஒருவரின் பெயரைப் பறிக்கலாம். இரண்டையும் திரும்பக் கேட்பதற்கு ஒரு வாழ்நாள் போதாதாயின், எஞ்சியதைக் கேட்கத்தான் பிள்ளைகள் பிறக்கின்றனர்.