ஏன் எடுக்கவில்லை என்று கேட்கப் போனவள்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தாலும், சின்ன வயதில் அண்ணன் கேலிக்கு வைத்த 'தந்தி' என்ற பெயர்தான் அவளோடு ஒட்டிக்கொண்டது. எதிரே இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் பதிலோடு நிற்பாள். கல்யாணமாகி, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அது மாறவில்லை. ஓர் அச்சகத்தின் முன்மேசையில் பல வருடம் வேலை பார்த்தாள். வாடிக்கையாளர் "அழைப்பிதழ்..." என்று இழுக்கும்போதே மாதிரிகளை எடுத்து மேசையில் பரப்பிவிடுவாள். போன வருடம் அந்த அச்சகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து நேர்காணலுக்கு மேல் நேர்காணல்.

போன இடத்திலெல்லாம் கணீரென்று பதில் சொன்னாள். கேட்டவர்களும் சிரித்த முகமாகத்தான் "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. வேறொருத்தியாக இருந்தால் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பாள். தந்திக்கும் வருத்தம் இருந்தது. ஆனால் வருத்தத்தைவிட ஒரு குடைச்சல் பெரிதாக இருந்தது. தான் எழுந்து வெளியே வந்து கதவு மூடியதும் உள்ளே என்ன பேசிக்கொள்கிறார்கள்? அப்படி என்னத்தைத்தான் தேடுகிறார்கள்?

கடைசியாகப் போனது, நோயாளிகளுக்கான கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் இயந்திரம் எல்லாம் வீடுகளுக்கு வாடகைக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்துக்கு. தொலைபேசியில் பேசி, எந்த வீட்டுக்கு என்ன தேவை என்று கேட்டு, வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். தனக்கென்றே அளவெடுத்துச் செய்த வேலை என்று நினைத்திருந்தாள். அங்கிருந்தும் 'மன்னிக்கவும்' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது.

"நேரா போய் ஏன்னு கேட்டுட்டு வரப் போறேன்" என்றாள்.

மாடியில் குடியிருந்த அண்ணி படியிலேயே நின்றுவிட்டாள். "உனக்கென்ன பைத்தியமா? வேணாம்னு சொன்ன வீட்டுக்குத் திரும்பப் போய் ஏன் வேணாம்னு கேப்பாங்களா யாராவது?"

"பொண்ணு பாக்க வந்தவங்களையா கேக்கப் போறேன் அண்ணி? வேலைதானே."

"ரெண்டும் ஒண்ணுதான். மூஞ்சிக்கு நேரா யாரும் உண்மையச் சொல்ல மாட்டாங்க."

தந்தியின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எதிரே லாரி வந்தாலும் குரல் உயராத மனிதர். அவர் சட்டையை மடித்தபடி, "போறதுன்னா..." என்று ஆரம்பித்தார்.

"குடை எடுத்துட்டுப் போகணும், தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பிவிட்டாள்.

அந்த நிறுவனத்தின் முன்னறை முழுக்க மருந்து போட்டுத் துடைத்த வாசனை. மடித்த கட்டில்கள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்து நின்றன. முதலாளியம்மா முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். தந்தியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இத்தனை வருஷத்துல இதைக் கேக்கறதுக்குன்னு யாரும் வந்ததில்ல" என்றார். "சண்டை போட வந்திருக்காங்க. சிபாரிசோட வந்திருக்காங்க. நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

"தெரிஞ்சுக்கத்தான்மா. தலை வெடிச்சிடும் போல இருக்கு."

முதலாளியம்மா யோசித்தார். "உங்க மேல குறைன்னு ஒண்ணும் தோணல. ஆனா ஏதோ ஒண்ணு இடிச்சுது. என்னன்னு..." அதற்குள் மேசைத் தொலைபேசி அடித்தது. அவர் அதை ஒலிபெருக்கியில் போட்டார்.

"ஹலோ" என்றது ஓர் ஆணின் குரல். "எங்க அப்பாவுக்கு..." குரல் நின்றுவிட்டது.

தந்தியின் நாக்கு நமநமத்தது. கட்டிலா, நாற்காலியா? எத்தனை நாளைக்கு? எந்தத் தெரு? முதலாளியம்மா எதுவும் கேட்கவில்லை. "சொல்லுங்க, இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தில் தந்திக்கு மூச்சு முட்டியது.

"நாளைக்கு வீட்டுக்கு அழைச்சுட்டுப் போகச் சொல்லிட்டாங்க" என்றது குரல். "கட்டில் வேணும். ஆனா அவர் ரூம் மாடியில இருக்கு. கீழ போடறதுன்னா அவர் ஒத்துக்க மாட்டார். ஜன்னல் பக்கத்துல படுக்கணும் அவருக்கு. எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

அதற்குப் பிறகுதான் முதலாளியம்மா பேசினார். கீழ்த்தளத்தில் ஜன்னல் இருக்கிறதா, எந்தப் பக்கம், வெளியே என்ன தெரியும் என்று விசாரித்தார். தலைப்பக்கம் உயரும் கட்டிலாக அனுப்புவதாகவும், ஆட்களை அனுப்பிப் பெரியவர் வருவதற்கு முன்பே ஜன்னலோரம் போட்டுவைப்பதாகவும் சொன்னார். எதிர்முனையில் அந்த மனிதர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் தந்தியைப் பார்த்தார். "நீங்களா இருந்தா?"

"கட்டிலை வண்டியில ஏத்தியிருப்பேன்" என்றாள் தந்தி. "அப்பாவுக்குன்னு சொன்ன உடனேயே."

"இப்ப ஞாபகம் வந்துடுச்சு. அன்னிக்கு நான் ஒரு கேள்வியக்கூட முழுசாக் கேட்டு முடிக்கல. நீங்க விடல."

தந்தி வாயைத் திறந்தாள். மூடினாள். "அது தப்பாம்மா?"

"தப்பெல்லாம் இல்ல. இந்த மேசைக்குச் சரிப்படாது. வேற ஏதாவது மேசைக்கு அதுவேதான் வேணுமா இருக்கும். யாரு கண்டா?"

பேருந்தில் திரும்பி வரும்போது அவமானமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இல்லை. ஏதோ புது ஊரின் வரைபடம் கையில் கிடைத்தது மாதிரி இருந்தது. இது நிஜந்தானா என்று பார்த்துவிட வேண்டும் என்று ஒரே பரபரப்பு.

அன்று சாயங்காலமே பரீட்சித்துப் பார்த்தாள். கணவர் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நாளைக்குக் காலையில..." என்றார்.

மகளைப் பள்ளிக்கூடத்தில் விடவா, மின்சாரக் கட்டணம் கட்டவா, சீக்கிரம் எழுப்பவா? மூன்றும் வரிசையாக நாக்கின் நுனிக்கு வந்து நின்றன. தந்தி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கணவர் துண்டின் ஓரத்தை நீவிவிட்டார். அவளை ஒரு தடவை பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லாததால் அவருக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது போலிருந்தது.

"நாளைக்குக் காலையில நீச்சல் வகுப்புல சேரலாம்னு இருக்கேன்" என்றார்.

அவள் ஆயிரம் முறை ஊகித்திருந்தாலும் இது வந்திருக்காது. "நீங்களா?"

"தண்ணின்னா எனக்குச் சின்ன வயசுலேர்ந்து பயம். நாற்பது வயசாச்சு, இப்பவாவது கத்துக்கணும்னு தோணுச்சு. ரொம்ப நாளா சொல்ல வரேன். ஒவ்வொரு தடவையும் பேச்சு வேற எங்கயாவது போயிடுது."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த மனிதருக்குள் இன்னும் என்னென்ன பாதியில் நின்றுகொண்டிருக்கிறதோ என்று தோன்றியது. அன்று அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். அவர் பேசினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த நேர்காணல் ஒரு டாக்ஸி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில். சுவர் முழுக்கத் திரைகள். எல்லாத் தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. புதிதாகக் கற்ற பாடத்தோடு உள்ளே போன தந்தி, இளவயது மேலாளர் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். முடித்த பிறகும், ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறாரோ என்று இன்னும் சற்றுக் காத்திருந்தாள். அவர் பேனாவால் மேசையைத் தட்ட ஆரம்பித்தார். எழுந்திருக்கும்போதே கேட்டுவிட்டாள்.

"என்னை எடுக்கப் போறதில்லன்னு தெரியுது சார். ஏன்னு மட்டும் சொல்லிடுங்களேன்."

அவர் முதலில் நெளிந்தார். பிறகு, "தப்பா நினைச்சுக்காதீங்க. கேள்வி கேட்டா நீங்க கிணத்துக்குள்ளேர்ந்து பதிலை இறைச்சுக் கொண்டுவர்ற மாதிரி இருக்கு. இங்க ஒரு நொடி தாமதிச்சா கஸ்டமர் அடுத்த கம்பெனிக்குப் போயிடுவாங்க. எங்களுக்குக் கொஞ்சம் படபடன்னு இருக்கிற ஆளா வேணும்" என்றார்.

தந்தி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். "பிறந்ததுலேர்ந்து உன் வாயை மூட முடியல. மூடின அன்னிக்குப் பாத்து வாய் இருக்கிற ஆள் வேணும்னு சொல்லிட்டாங்களா!"

சிரித்து முடித்த பிறகு தந்திக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாளும் தன்னிடம் என்ன இருக்கிறது என்று காட்டத்தான் போய்க்கொண்டிருந்தாள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாளா?

நகரப் பேருந்துப் பணிமனையில், பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைத்திருக்கும் அறைக்கு ஆள் எடுத்தார்கள். நேர்காணலே அந்த அறையில்தான் நடந்தது. ஒரு பக்கம் கண்ணாடி அணிந்த மேற்பார்வையாளர். இன்னொரு பக்கம் அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி. பின்னால் கூரைவரை அலமாரிகள். குடைகள், ஒற்றை ஷூக்கள், கண்ணாடிக் குவளையில் ஒரு பல்செட், உறை கிழிந்த கிடார். எல்லாவற்றுக்கும் கீழே ஓர் ஊன்றுகோல்.

வழக்கமான கேள்விகள் முடிந்தன. "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார் அதிகாரி. ஒப்புக்குக் கேட்பது என்று குரலிலேயே தெரிந்தது.

"இதுக்கு முன்னாடி இங்க இருந்தவங்க ஏன் போனாங்க?"

மேற்பார்வையாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்பு இருந்தவர் தங்கமான மனிதராம். ஆனால் நாளெல்லாம் பொருளைத் தொலைத்தவர்களின் முகத்தையே பார்ப்பது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். கிடைக்காமல் திரும்பிப் போகிறவர்களை நினைத்து வீட்டில் சாப்பிடாமல் இருப்பாராம். தந்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அடக்க முடியாமல், "ஊன்றுகோலை விட்டுட்டு இறங்கினவங்க எப்படி சார் நடந்து போயிருப்பாங்க?" என்று கேட்டாள். மேற்பார்வையாளர் பலமாகச் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

முதல் நாள் அலமாரிகளைச் சுற்றிக் காட்டி முடித்ததும் தந்தி மேற்பார்வையாளரிடம் கேட்டாள். எடுக்காததற்குக் காரணம் கேட்டவளால், எடுத்ததற்குக் கேட்காமல் இருக்க முடியுமா?

"உள்ளதைச் சொல்லவா?" என்றார் அவர். "முதல்ல எடுத்தது உங்களை இல்ல, வேற ஒரு அம்மாவை. அந்தம்மா வேற நல்ல வேலை கிடைச்சுப் போயிட்டாங்க. நீங்க ரெண்டாவது."

சுருக்கென்றுதான் இருந்தது. "சரி, ரெண்டாவதா ஏன் சார்?"

"ஊன்றுகோலைப் பத்திக் கேட்டீங்க. எனக்கும் ரொம்ப நாளா அதே சந்தேகம். மேடம்தான், இந்தப் பொண்ணு ரொம்பக் கேள்வி கேக்குதுன்னாங்க. இந்த ரூமுக்குக் கேள்வி கேக்கிற ஆள்தான் வேணும்னு நான் மல்லுக்கட்டினேன். அன்னிக்கு அவங்களுக்கு வேற மீட்டிங் இருந்துச்சு. சரின்னு விட்டுட்டாங்க."

ஒருத்தர் வேறு வேலைக்குப் போனது, ஒருத்தருக்கு மீட்டிங் இருந்தது, அலமாரியில் ஓர் ஊன்றுகோல் கிடந்தது. கதவுக்குப் பின்னால் நடப்பது இவ்வளவுதானா என்று தந்தி வியந்துபோனாள். இதற்காகவா தன்னைத் திறமை இல்லாதவள் என்று மாதக்கணக்கில் சந்தேகப்பட்டாள்?

அடுத்த வருடம் அறையைப் பெரிதாக்கினார்கள். இன்னொரு ஆள் தேவைப்பட்டது. கூட வேலை செய்யப்போகிறவள் என்பதால் தந்தியையும் நேர்காணலில் உட்காரச் சொன்னார் மேற்பார்வையாளர். மூன்று பேர் வந்தார்கள். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போதுதான் தெரிந்தது, தனக்கும் என்ன வேண்டும் என்று தெரியவில்லை என்பது. முதலில் வந்த ஆள் நிறுத்தி நிதானமாகப் பேசினார். தந்திக்கு அவரை உடனே பிடித்துப்போனது. இவரையே எடுத்துவிடலாம் என்று எழுதப்போகும் நேரத்தில் கை நின்றது. இவர் பேச்சு வீட்டுக்காரர் பேச்சு மாதிரியே இருக்கிறது. அதனால் பிடித்ததா, இல்லை வேலைக்கு ஏற்றவர் என்பதாலா?

"எனக்கு இவர்கிட்ட நியாயமாப் பாக்க வராது சார். எங்க வீட்டுக்காரரை அப்படியே பாக்கற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டாள். மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே, தனக்கு இரண்டாவது பெண்ணைப் பிடித்ததற்கும் காரணம் அவள் தன் தங்கை மாதிரி அதட்டிப் பேசியதுதான் என்று ஒத்துக்கொண்டார். மறுபடி மூன்று பேரையும் பற்றி முதலிலிருந்து பேசினார்கள். கூட்டம் சேரும்போது யார் தடுமாற மாட்டார்கள், தொலைத்தவர் அழுதால் யார் தாங்குவார்கள் என்று பார்த்து, கடைசியில் மூன்றாவதாக வந்தவரை எடுத்தார்கள். அதுவும் சரிதானா என்று சத்தியம் செய்ய இருவராலும் முடியவில்லை.

மற்ற இருவருக்கும் தானே தொலைபேசியில் சொல்வதாகத் தந்தி கேட்டு வாங்கிக்கொண்டாள். நிதானமாகப் பேசியவர், "காரணமெல்லாம் எதுக்குங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போங்க" என்று பட்டென்று வைத்துவிட்டார். அவளுக்குக் கொஞ்சம் வலித்தது. எல்லோருக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லை போலும்.

இரண்டாவது பெண் எடுத்ததும், "வேலை இல்லையா?" என்றாள்.

"இல்லம்மா. ஆனா ஏன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். கேக்கறீங்களா?"

எதிர்முனையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "சொல்லுங்க அக்கா" என்றாள் அந்தப் பெண்.