முள்ளம்பன்றிக்கு ஒரு மாற்று

அம்மா திரைச்சீலை தைப்பவள். தைப்பதோடு நிற்காமல், வீடு வீடாகப் போய் சுவரில் கம்பி பொருத்தி மாட்டிவிட்டும் வருவாள். கம்பியின் நீளம் ஒன்பது அடி. எங்கள் பழைய காருக்குள் இருந்த இடம் ஆறு அடி. மிச்ச மூன்று அடி பின்பக்க ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு வரும். தெருவில் அந்தக் காருக்கு முள்ளம்பன்றி என்று பெயர்.

போன மாதம் ஒரு வளைவில் முள்ளம்பன்றி திரும்பியபோது, ஓரமாக நின்ற போக்குவரத்துக் காவலரின் தொப்பி கம்பி நுனியில் ஏறிக்கொண்டது. மூன்று தெரு தாண்டியதும்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. தொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது அவர், “இன்னொரு தடவை இப்படிப் பார்த்தேன், வண்டி எங்க கிட்டதான் இருக்கும்” என்றார். வண்டி போனால் அம்மாவின் வேலையும் போகும்.

அதனால் கம்பி உள்ளேயே அடங்கும் மின்சாரக் கார் வந்தே ஆகவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பே முன்பதிவு செய்திருந்தோம். ஆசை தாங்காமல் அப்பா கீழே சார்ஜ் செய்யும் பெட்டியைக்கூட மாட்டிவிட்டார். இதுவரை அதில் தொங்கியது அம்மாவின் அளவுநாடா மட்டும்தான்.

கம்பெனியின் ஏற்பாடு இதுதான்: நம் முறை வந்ததும் மின்னஞ்சல் வரும். பக்கத்தைத் திறந்தால் நாற்பது நிமிடம். அதற்குள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுக்க வேண்டும். தவறினால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். போன ஆண்டு ஒரு முறை வந்து, கைவிட்டுப் போனது. அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவர். அந்தப் பக்கத்தின் நிபந்தனைகளில் பத்தொன்பது எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடித்து, இருபதாவதைத் தேடிக்கொண்டிருந்தபோது நேரம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அம்மா நான்கு நாள் அவரிடம் என் வழியாகத்தான் பேசினாள்.

இந்த முறை மின்னஞ்சல் காலையில் வந்தது. அம்மா தேர்வுப் பட்டியலைப் போனில் பார்த்தாள். “என்ன வேணும்னு யோசிச்சுச் சொல்றேன். நான் சொல்றதை மட்டும் போடுங்க, படிக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

பத்து மணிக்கு அப்பா பக்கத்தைத் திறந்தார். முதல் நிபந்தனையிலேயே அவர் கை பென்சிலைத் தேடியது.

“அப்பா!” என்றேன்.

“சும்மா பார்த்தேன்மா. ஒரு புள்ளி விட்டுப்போச்சு.”

“அம்மாவுக்குப் போன் பண்ணுங்க.”

ஸ்பீக்கரில் போட்டார். அம்மா யாரோ வீட்டு ஏணியின் உச்சியில் நின்றிருந்தாள், வாயில் நான்கு திருகாணிகளோடு.

“திறந்தாச்சு. என்ன போடட்டும்?”

“ஈயம், ஈயம்” என்றாள் அம்மா.

“ஈயமா? வாயில இருக்கிறதை எடுத்துட்டுச் சொல்லு.”

ஒரு திருகாணி தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா தெளிவாகச் சொன்னாள்: “நீலம். நீலம்.”

என் காதுக்கு அப்படித்தான் விழுந்தது. அம்மாவின் நாக்குக்கு ல, ள, ழ மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “எந்த ல? சின்ன லவா, பெரிய ளவா?”

“என்னங்க, நான் ஏணி மேல நிக்கிறேன்.”

“சரி, இப்படிக் கேக்கிறேன். பல்லுக்கு வர்றதா, பள்ளத்துக்கு வர்றதா?”

“பல்லாவது ஒண்ணாவது! கீழ பார்த்தா பள்ளம்தான் தெரியுது. தலை சுத்துது, வைங்க போனை!”

அப்பா வெற்றியோடு என்னைப் பார்த்தார். “பள்ளம். பெரிய ள. நீளம்!”

“அம்மா ரெண்டு தடவை சொன்னாங்களே, ரெண்டு விஷயமா இருக்குமோ?”

“அழுத்திச் சொன்னா ரெண்டாகிடுமா? உங்கம்மா எதைத்தான் ஒரு தடவையில விட்டிருக்கா?”

அளவுக்கான இடத்தில் ‘நீளம்’ என்று தேர்ந்தெடுத்தார். நிறத்தைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்பதால் வெள்ளையை அழுத்தினார். வெள்ளையில்தான் எது எழுதினாலும் தெளிவாகத் தெரியும் என்றார். காரில் யார் எழுதப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பதினொரு நிமிடம் மிச்சமிருக்கும்போதே ஆர்டர் போய்விட்டது. அப்பா நாற்காலியில் சாய்ந்து, தனக்குத் தானே கைகொடுத்துக்கொண்டார்.

மாலை ஐந்தே முக்காலுக்கு அம்மா வந்தாள்.

“நீலம் போட்டாச்சா?”

“நீளம் போட்டாச்சு.”

“நீலம்?”

“அதான் சொல்றேனே, நீளம்!”

இருவர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. எனக்குத்தான் சந்தேகம் போகவில்லை. ஆர்டர் படத்தைத் திறந்து அம்மாவிடம் காட்டினேன். திரையில் வெள்ளைக் கார் ஒன்று நின்றது, ரயில் பெட்டி மாதிரி நீளமாக.

“நீலம் சரி. நீலம் எங்கே?” என்றாள் அம்மா.

அப்பாவுக்கு இப்போதுதான் உறைத்தது. “ரெண்டு சொன்னியா?”

“ரெண்டுதானே சொன்னேன்! ஒண்ணு கம்பிக்கு, ஒண்ணு எனக்கு. ரெண்டு வருஷமா காத்திருக்கேன், எனக்குன்னு ஒண்ணு கேக்கக் கூடாதா?”

மாற்றம் இருந்தால் இன்று ஆறு மணிக்குள் சொல்லலாம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. மணி ஐந்து ஐம்பத்திரண்டு. அப்பா கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்; அவள் நாக்கும் அம்மாவின் நாக்கு மாதிரிதான்.

“என் காருக்கு நீலம் வேணும்மா.”

“நீலம் ஏற்கனவே போட்டிருக்கீங்களே சார்.”

“அது நீளம். நான் கேக்கிறது நீலம்.”

“ஆமா சார், இருக்கு. இதுக்கு மேல நீலமா வண்டி எங்க கிட்ட வராது.”

“அம்மா தாயே, பல்லுக்கு வர்ற ல!”

“சார், இது கார் கம்பெனி. பல்லுக்கு நீங்க டாக்டரைத்தான் பார்க்கணும்.”

ஐந்து ஐம்பத்தேழு. அம்மா போனைப் பிடுங்கினாள்.

“இங்க பாரும்மா. மயில் கழுத்து.”

மறுமுனையில் அந்தப் பெண்ணின் குரலே மாறிவிட்டது. “மயில் கழுத்தா மேடம்! அடடா, என்கிட்ட அந்தக் கலர்ல ஒரு சேலை இருக்கு. சார் முதல்லயே சொல்லியிருக்கலாமே? கதவுக்கு மட்டுமா, முழுசுமா?”

“முழுசும். வால் வரைக்கும்.”

“மாத்தியாச்சு மேடம்.”

படத்தில் கார் மெல்ல நிறம் மாறியது. அம்மா திரைக்குப் பக்கத்தில் போய், துணியின் தரம் பார்ப்பதுபோல் இரண்டு விரலால் அதைத் தேய்த்துப் பார்த்தாள்.

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “மயில்ல அந்த ல இருக்கே, ரொம்பச் சுத்தமா சொன்ன” என்றார்.

“எந்த ல?” என்றாள் அம்மா.