மூன்றாவது தட்டு

ஜூன் மாதம் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்தே வானம் ஈயத்தகடு போல மூடிக்கிடந்தது. மழையும் பெய்யவில்லை, வெயிலும் அடிக்கவில்லை. மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை. படப்பிடிப்புக் கூடத்தின் தகரக் கூரைக்குக் கீழே புழுக்கம் மூச்சை முட்டியது. அந்தப் புழுக்கத்தில் கம்பளிச் சட்டை அணிந்து, அழுக்குத்துணிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இடிமலை மாடிப்படியிலிருந்து உருண்டு விழவேண்டியிருந்தது. அந்தப் படத்தில் அவர் விழவேண்டிய கடைசி இடம் அதுதான்.

இடிமலை என்பது மல்யுத்த மேடை அவருக்குச் சூட்டிய பெயர். நெடுங்காலம் அவர் அங்கே கெட்டவராகவே ஆடியவர். அவர் தலை தெரிந்தவுடன் கூட்டம் ஊளையிடும். தகப்பன்மார் தோளிலிருந்த பிள்ளைகள் செருப்பைக் கழற்றி எறிவார்கள். இப்போதோ மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு திண்டாடும் தந்தையாக, ஒரு குடும்பச் சிரிப்புப் படத்தின் நாயகனாகிவிட்டார்.

அவருடைய மனைவியின் தம்பியே மேடையில் அவருக்கு நடுவராக இருந்தவர். படப்பிடிப்பிலும் துணைக்கு வந்திருந்தார். மேடையில் வெற்றியும் தோல்வியும் முன்னதாகப் பேசிவைத்தவை என்றாலும் விழுவது மெய்யாகவே விழுவதுதான். ஆகையால் நடுவரின் உண்மையான வேலை எண்ணுவதன்று, செய்தி சுமப்பது. ஒருவர் விழுந்தால் அருகே மண்டியிட்டு ஒரு விரலை அவர் உள்ளங்கையில் வைப்பார். கை விரலை அமுக்கினால் நலம். அமுக்காவிட்டால் அடி மெய். அப்போதும் ஆட்டத்தை நிறுத்தும் வழக்கம் கிடையாது. எதிராளியின் காதில் சுருக்கமாகச் சொல்லி, தரையில் மூன்று தட்டுத் தட்டி, வென்றவர் கையை உயர்த்திக் காட்டிய பின்னரே மருத்துவரை அழைப்பார். சீட்டு வாங்கி வந்தவர்களுக்கு எதுவும் தெரியலாகாது என்பது அந்தத் தொழிலின் கட்டளை.

சென்ற குளிர்காலத்தில் இடிமலையின் இடக்கை விரல்கள் மரத்துப்போயின. கழுத்தெலும்பு நரம்பை நெரிப்பதாகவும், இன்னோர் அடி தவறான இடத்தில் பட்டால் கழுத்துக்குக் கீழே எதுவும் மிஞ்சாதென்றும் மருத்துவர் எச்சரித்தார். கணவன், மனைவி, தம்பி ஆகிய மூவரும் அதைக் காதும் காதும் வைத்தாற்போல் காத்துவந்தார்கள். தெரிந்தால் இயக்குநர் வேறொருவரைத் தேடிக்கொள்வார் என்ற அச்சமே காரணம். காலைதோறும் சட்டைப் பொத்தான்களை மாட்டிவிடுவது மனைவிதான்.

அன்று காலை பொத்தான்களை மாட்டி முடித்தவள், தம்பியை வாசலில் நிறுத்தினாள்.

“அவரு வலிக்குதுன்னு வாயத் திறக்கமாட்டாரு. உனக்குத்தான் பாத்தா தெரியும். தெரிஞ்ச உடனே நிறுத்திடு. யாரு என்ன நெனச்சாலும் சரி, நிறுத்திடு. என்ன?”

“சரிக்கா.”

கூடத்தினுள் கூரையில்லாத ஒரு வீடு நின்றது. அதன் மாடிப்படி இரும்புச் சட்டத்தின்மேல் பலகை அடித்து, கம்பளம் ஒட்டியது. மல்யுத்த மேடைக்கு அடியில் இருப்பதுபோல் சுருள்வில்லும் இல்லை, நெகிழ்வும் இல்லை. நடுவர் கம்பளத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அடியில் பஞ்சு என்று சொல்லப்பட்டது ஒரு பழைய போர்வையின் கனமே இருந்தது.

முதல் தடவை எல்லாம் நலமாகவே முடிந்தது. இடிமலை உருண்டார், ஊரைக் கூட்டுவதுபோல் அலறினார், ஒற்றைக் கண்ணைத் திறந்து நடுவரைப் பார்த்துச் சிமிட்டினார். ஆனால் கூடை பாதிப் படியிலேயே தலையிலிருந்து கழன்றுவிட்டது. அது கடைசிப் படி வரை தலையிலேயே இருந்தால் நன்றாயிருக்கும் என்று இயக்குநர் தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டார். அவர் தன்மையான மனிதர். முடியாதென்றால் விட்டுவிடலாம் என்றும் சொன்னார்.

நடுவர் படியேறிச் சென்று, கூடையைச் சரிசெய்வதுபோல் குனிந்தார்.

“அத்தான், போதும்னு நான் சொல்லிடட்டுமா?”

“சும்மா இரு மாப்ளே. இத்தன வருஷமா புள்ளைங்க என்னப் பாத்துச் செருப்பத்தான் தூக்குச்சுங்க. இப்பத்தான் சிரிக்குதுங்க. இன்னும் ஒரே தடவ.”

“ஒரே தடவதான். சொல்லிட்டேன்.”

இறங்கி வந்தபோது தாம் செய்தது சரியில்லை என்று அவருக்குத் தோன்றியது. எனினும் மேடையில் விழுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் விழுகிறவரே. அந்தப் பழக்கம் நாக்கைக் கட்டிவிட்டது.

இரண்டாம் தடவை கூடை கழலவில்லை. கண் மறைந்திருந்ததால் இடிமலை கடைசிப் படியைக் கணிக்கத் தவறினார். கழுத்து படியின் ஓரத்தில் மோதிய ஒலி, மரம் முறிவதைப்போலன்றி, ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதைப்போல் கேட்டது. கூடை உருண்டோட, அவர் மல்லாந்து கிடந்தார். அலறவில்லை. முகத்தில் மெல்லிய புன்னகை ஒன்று அப்படியே நின்றது. அவ்வளவு பெரிய உடம்பு விழுந்துவிட்டுச் சத்தமே இல்லாமல் சிரிப்பதைக் கண்டு கூடமே குலுங்கிச் சிரித்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

நடுவர் மட்டும் சிரிக்கவில்லை. வலிக்காதபோது அலறுவதும், வலிக்கும்போது வாய் மூடிக்கொள்வதும் அந்த மனிதரின் இயல்பு என்பதை அறிந்தவர் அங்கே அவர் ஒருவரே. கால்கள் அவரைக் கேமராவுக்கு முன்னால் இழுத்துச் சென்றன. மண்டியிட்டார். மரத்துப்போகாத வலக்கையில் விரலை வைத்தார். கை அமுக்கவில்லை.

படத்தில் இளைய மகளாக நடித்த சிறுமி, கதைப்படி தந்தையின் மார்பில் குதிப்பதற்காக நாற்காலியின் கைப்பிடிமேல் ஏறி நின்றாள். நடுவர் அவளைத் தாங்கி இறக்கி, அவள் உள்ளங்கையை இடிமலையின் மார்பில் மெதுவாக வைத்தார். “அப்படியே வெச்சிரு கண்ணு” என்று காதில் சொன்னார். பிறகு தரையைத் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டுக்குக் கை உயர்ந்தபோது காலையில் வாசலில் நின்ற தமக்கையின் முகம் அவருக்குத் தோன்றியது. ஆயினும் உயர்ந்த கை தானாகவே இறங்கிற்று. அடுத்ததாக அது சிறுமியின் கையைப் பிடித்து மேலே தூக்கிக் காட்டியது.

கூடத்தில் கைதட்டல் வானைப் பிளந்தது. எழுதி வைக்காத இந்த வேடிக்கையில் இயக்குநர் தலைகால் புரியாமல் மகிழ்ந்தார். நிறுத்தச் சொல்லும் எண்ணமே அவருக்கு எழவில்லை. ஆட்டம் முடிந்தது, தோற்றவரைத் தூக்கிவிடுவோம் என்று விளக்குக்காரர்கள் இருவர் குதூகலத்துடன் ஓடிவந்து, இடிமலையின் அக்குளில் கை கொடுத்தார்கள். நடுவர் வாயைத் திறந்தார். நிறுத்து என்ற சொல் வரவில்லை. அந்தச் சொல்லை அவர் தம் தொழிலில் ஒருநாளும் சொன்னதில்லை. இருவரும் ஒரே மூச்சில் தூக்கிவிட்டார்கள்.

இடிமலையின் தலை, தண்டு மடிந்த பூப்போல் தோளில் சாய்ந்தது.

“மாப்ளே, என் கை எங்க இருக்கு?” என்றார், மிக நிதானமாக.

அருகில் நின்றவர்களின் சிரிப்பு முதலில் அடங்கியது. தொலைவில் இருந்தவர்கள் இன்னும் சிறிது நேரம் சிரித்தார்கள். அவரைக் கீழே கிடத்தச் சொல்லி நடுவர் கத்தியபோது, இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை.

“இது நடிப்பில்லையா?”

“இல்ல சார்.”

“நீங்க அவரு கையப் பிடிச்சப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்தார்கள். கம்பளிச் சட்டையைக் கத்தரித்து நீக்கி, கழுத்தில் பட்டையிட்டு, அவரைப் பலகையில் கட்டினார்கள். கால் பெருவிரலை ஒருவர் கிள்ளிப் பார்த்துவிட்டு மற்றவரை நோக்கி இல்லையென்று தலையசைத்தார். இடிமலையின் விழிகள் மட்டும் நடுவரைத் தேடின.

“சிரிச்சாங்களா?”

“எல்லாரும் சிரிச்சாங்க அத்தான்.”

“அந்தக் குட்டி?”

சிறுமி மாடிப்படிக்குப் பின்னால், உடையலங்காரப் பெண்ணின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள்.

“அதுவுந்தான்” என்றார் நடுவர்.

அவருடைய சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. தமக்கைதான். அதிர்ந்து ஓய்ந்து, மீண்டும் அதிர்ந்தது. அவர் அதை எடுக்காமல் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். அப்போது பிற்பகல் மணி மூன்று நாற்பத்திரண்டு.