நிற்கக்கூடாத சொட்டு

படகின் அடித்தட்டில் குனிந்ததுமே மெக்கானிக்கின் மூக்கைக் கருகல் நாற்றம் துளைத்தது. தண்ணீர் படகுக்குள் புகாமலிருக்க புரொப்பல்லர் தண்டைச் சுற்றியிருந்த பேக்கிங் கயிறு கரியாகிக் கிடந்தது. கயிற்றை அழுத்திப் பிடிக்கும் நட்டை மூச்சுமுட்ட இறுக்கியிருந்தார்கள். வேறு யார்? படகுக்காரர்தான், மெக்கானிக்கின் செத்துப்போன தங்கையின் புருஷன்.

"மண்டையில ஏதாச்சும் இருக்கா, மாப்பிள்ளை? தண்டு சுத்துறப்ப தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கணும். அப்பதான் சூடு தணியும். இத்தனை வருஷம் படகு ஓட்டுறவருக்கு இதையும் சொல்லணுமா?"

 மெக்கானிக் திட்டிக்கொண்டே புதுக் கயிற்றைச் சுற்றி, கிரீஸ் அப்பி, என்ஜினை ஓடவிட்டு நட்டைத் தளர்த்தினார். சொட்டு விழ ஆரம்பித்தது.

"பாத்துக்கோங்க. இது நிக்கவே கூடாது."

"ஆஸ்பத்திரில அவளுக்கு ஏறின டிரிப்ஸும் இப்படித்தான் சொட்டுச்சு, மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "நின்னுடக் கூடாதுன்னு ராப்பகலா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அவளைப் பாக்காம விட்டுட்டேன்."

நட்டு ஏன் அப்படி இறுகியிருந்தது என்று புரிந்ததும் மெக்கானிக்குக் கோபமெல்லாம் வடிந்துபோனது. மூலையில் கிடந்த பலகையை எடுத்து, சொட்டு கண்ணில் படாதபடி சாய்த்து வைத்தார்.

"இனிமே இதை நான் வந்து பாத்துக்கிறேன்" என்றார்.

பலகைக்குப் பின்னால் அது சொட்டிக்கொண்டே இருந்தது.