கட்டை பிடிக்கிற இடம்

போல்ட் இளகியது போலத்தான் இருந்தது. ஸ்பேனரைப் பிடித்திருந்த சுருளியாண்டியின் மணிக்கட்டு அதை நம்பவில்லை. வெந்த கிழங்கு பிட்டுக்கொள்வது போல ஒரு மெத்தென்ற நழுவல். தலை மட்டும் உருண்டு விழுந்து ஜீப்பின் அடிச்சட்டத்தில் மோதி ணங்கென்றது. உடல் இன்ஜினுக்குள்ளேயே நின்றுவிட்டது.

கூடலூர் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த அந்த ஒர்க்‌ஷாப் வாசலில், விடிந்தும் விடியாத பனியில், ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் அந்த ஜீப்புக்காகத் தூக்குவாளிகளோடு காத்திருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்த்தாள். அவன் மனைவி மலையம்மாள்.

நேற்று இறக்கத்தில் பெல்ட் கீச்சிட்டது என்று டிரைவர் வீரணன் சொன்னதால், பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பிராக்கெட்டை மாற்றத்தான் கழற்றினான். அதற்கு இரண்டே போல்ட். ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒரு சின்னப் பம்பு உண்டு. அது சுற்றினால்தான் பிரேக்குக்குப் பலம். பெல்ட் நழுவினால் பம்பு நிற்கும். பம்பு நின்றால் பிரேக் மிதி கருங்கல். அதுவும் குமுளி மலைப்பாதையில், ஆள் நிறைந்த ஜீப்பில்.

கேஸ் டார்ச்சால் சூடேற்றினான். மெழுகுவர்த்தியை உரசி, உருகிய மெழுகை மரைக்குள் இறங்கவிட்டான். சுத்தியலால் மெல்லத் தட்டினான். துரு விடவில்லை. ஒடிந்த தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, அது ஆறும்வரை பொறுத்து, ஸ்பேனரைப் போட்டான். கால் சுற்று வந்தது. அடுத்த இழுப்பில் நட்டு, தண்டில் ஒரு துண்டையும் கடித்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. மிச்சம் இப்போது இன்னும் ஆழத்தில்.

ஜீப்பின் முதலாளி விஜயகுமார் டீ கிளாஸோடு வந்து நின்றார். ரேடியேட்டரைக் கழற்றி, ஒடிந்த தண்டைத் துளைபோட்டு எடுக்க மத்தியானம் ஆகும் என்று சுருளியாண்டி சொன்னான். நேரத்துக்கு ஆள் போய் நிற்காவிட்டால் தோட்டத்துச் சூப்பர்வைசர் வேறு ஜீப்பைப் பேசிவிடுவான் என்றார் அவர். இன்னொரு போல்ட்தான் நல்லா இருக்கிறதே, மற்ற பக்கத்தைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டு என்றார்.

சுருளியாண்டி ஸ்பேனரைக் கீழே வைத்தான். பம்பு சுற்றாமல் நிற்கும் வண்டியின் பிரேக்கை ஒரு தரம் மிதித்துப் பார்க்கச் சொன்னான். விஜயகுமார் ஏறி உட்கார்ந்து மிதித்தார். மிதி அசையவில்லை. எழுந்து நின்று மிதித்தார்.

"நம்ம வீரணனுக்கு எருமைக் காலுடா. அவன் மிதிப்பான். நீ கட்டு."

வீரணன் சிரிக்கவில்லை. முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அது ஏற்கெனவே பளிச்சென்றுதான் இருந்தது.

சுருளியாண்டி குறட்டால் கம்பியை முறுக்கினான். முறுக்கி முடித்ததும் மலையம்மாளைத் தனியே கூப்பிட்டான்.

"வயித்து வலின்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிரு புள்ள. இன்னைக்கு இதுல ஏறாத."

வாசலில் நின்ற பெண்களை அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நான் போயிர்றேன். அக்கம்மாளக்கா ஏறுவாக. அவுகளுக்கு எந்த வலின்னு சொல்லச் சொல்றீக?"

அவன் தடுப்பதற்குள் அவள் வாசலுக்குப் போய், எல்லாரும் கேட்கும்படி சொல்லிவிட்டாள்.

"போல்ட் ஒடிஞ்சு போச்சாம். கம்பி போட்டுக் கட்டிருக்காக. இறக்கத்துல பிரேக்கு பிடிக்காமப் போனாலும் போகும்."

ஒருத்தியும் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஜீப்பில் ஆளுக்கு ஒரு இடம் உண்டு. ஒரு நாள் ஏறாவிட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். போன மழைக்காலத்தில், கதவு ஆடுகிறது என்று சொல்லி இறங்கிக்கொண்ட கஸ்தூரியம்மாள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள். அக்கம்மாள் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"சாமிய நெனச்சுக்கிட்டு ஏறுங்கடி."

ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். கடைசியில் மலையம்மாளும் ஏறி, டிரைவருக்குப் பின்னாலிருந்த தன் மூலைக்கு நகர்ந்தாள். பின்கதவோரத்தில், வழக்கம்போல, புதிதாக வந்த பெண் உட்கார்ந்திருந்தாள். ஏற்ற வளைவில் வண்டி நிற்காமல் பின்னால் உருண்டால் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது அந்த இடத்துக்காரியின் வேலை.

விஜயகுமார் உள்ளே எட்டிப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"இந்தாம்மா மலையம்மா, நீ கடைசியில வந்து உக்காரு. ஒம் புருசன் கட்டுன கட்டுதான? ஏத்தமோ இறக்கமோ, நிக்கலைன்னா நீயே குதிச்சுக் கட்டையக் குடு."

"மொதலாளி, நான் போறேன். நான் பிடிக்கிறேன் கட்டைய," என்றான் சுருளியாண்டி.

"நீ ஏறுனா ஒருத்தி எறங்கணும். எவள எறக்கட்டும், சொல்லு."

சுருளியாண்டி ஜீப்புக்குள் பார்த்தான். அத்தனை முகங்களும் குனிந்துகொண்டன. புதிய பெண் எழுந்து, கட்டையை மலையம்மாளிடம் நீட்டிவிட்டு, மூலைக்குப் போனாள்.

இன்ஜின் உறுமியது. கம்பி தாங்கியது. பெல்ட் ஒரு தரம் கீச்சிட்டு அடங்கியது.

தூக்குவாளியைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு மலையம்மாள் பின்கதவோரம் உட்கார்ந்திருந்தாள். டயர் பதிந்து பதிந்து பல்தடம் விழுந்த அந்தக் கட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கண் கீழே, பின்சக்கரத்தின் மேல். ஜீப் மெயின் ரோட்டில் மலையைப் பார்த்துத் திரும்பியபோது சுருளியாண்டி கையை உயர்த்தினான்.

பதிலுக்கு அசைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.